இதர நபர்கள்

தொரப்பாடி சிறையில்
தேர்வு எழுதுகிறவர்கள் ஒன்பது பேர்.
பேனாவை எண்ணிக் கொடுத்தார்கள்,
எண்ணித்தான் வாங்குவார்கள்.
வினாத்தாள் வந்த ஜீப்
காட்பாடி மேம்பாலத்தில் மாட்டி
ஒன்றரை மணி தாமதம்.
விட்ட நேரத்தைத் தருகிறேன் என்றார்
கண்காணிக்க வந்த ஜுபைதா மேடம்.
விட்ட நேரத்தைத் தருவதாக
இங்கே யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழு,
மே மாதம்தான் அங்கேயும்.
பிலடெல்பியாவில் ஐம்பத்தைந்து பேர், கம்பளிக் கோட்டோடு.
பேச்சு வெளியே கசியக் கூடாதென்று
ஜன்னலை அடைத்து, வாசலில் காவல் வைத்து
தங்களைத் தாங்களே பூட்டிக்கொண்டார்களாம்.
எங்களுக்கு அந்த வேலைக்கு
சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது.

ஏழாவது கேள்வி, பத்து மதிப்பெண்.
மாநாட்டில் எட்டப்பட்ட சமரசங்களை விளக்குக.

விளக்கினேன்.
பெரிய மாநிலத்துக்கும் சின்ன மாநிலத்துக்கும் தகராறு,
இரண்டு அவை வைத்துத் தீர்த்தார்கள்.
அடுத்தது அந்த வரி.
தலையெண்ணி இடம் பிரிக்கையில்
சுதந்திரமானவர் ஆளுக்கு ஒன்று,
இதர நபர்கள் ஐந்தில் மூன்று.
அடிமை என்ற சொல்லை மட்டும் எங்கேயும் எழுதவில்லை.
கூச்சம் இருந்திருக்கிறது,
சொல்லில்.

பேர்ணாம்பட்டில் தோல் அளந்தவன் நான்.
ஓட்டை இருந்தால் கழிவு.
உண்ணி கடித்த தழும்புக்குக் கழிவு.
உரிக்கும்போது கத்தி பட்டிருந்தால்
அதற்கும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு.
கழித்ததுபோக மிச்சம் முதலாளிக்கு.
அங்கேயும் அப்படித்தான்.
அந்த மூன்று பங்கும்
சபையில் நாற்காலி ஆனது,
எஜமான் போய் உட்கார்ந்தான்.

இதைப் படித்துக் காட்டிய ராத்திரி
கோவர்த்தனம் கேட்டான்:
"அஞ்சுல மூணுன்னா எதுவரைக்கும்பா?
கால்லேர்ந்து எண்ணுவானா, தலைலேர்ந்தா?"
இருட்டில் தன் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு
தொப்புளுக்கு மேலே நிறுத்தினான்.
"வாய் வரைக்கும் வராது" என்றான்.

கணக்கெடுப்புக்காரர் இங்கேயும் வந்தார் ஒரு வருஷம்.
பெயர், வயது, தாய்மொழி எல்லாம் எழுதிக்கொண்டார்.
வேலூரின் ஜனத்தொகையில் நான் உண்டு.
போன மாதம் மதிலுக்கு வெளியே ஆட்டோ போனது,
உங்கள் பொன்னான வாக்குகளை என்று கெஞ்சிக்கொண்டே.
மதிலோரம் வந்ததும்
ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள்.
பேட்டரி மிச்சம்.

இந்தப் பத்தியை விடைத்தாளில் எழுதவில்லை.
மதிப்பெண் கிடையாது இதற்கு.

எட்டாவது கேள்வி, முதல் ஆட்சியின் தொடக்க ஆண்டுகள்.
மாநிலங்களின் யுத்தக் கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டது,
பேரம் பேசி ஆற்றங்கரைச் சேற்றில் தலைநகர் வைத்தது,
சாராயத்துக்கு வரி போட்டு அடி வாங்கியது.
தலைவரை என்னவென்று கூப்பிடுவது என்றே
மூன்று வாரம் வாதாடினார்களாம்.
இங்கே முதல் நாள், முதல் அறையிலேயே
எல்லாரையும் ஐயா என்று கற்றுக்கொண்டேன்.

பத்துத் திருத்தங்களில் எட்டாவதுக்கு வந்திருந்தேன்,
அளவுக்கு மீறி ஜாமீன் கேட்கலாகாது,
கொடூரமான
என்று பேனா நிற்கும்போது
கன்னியப்பன் ஐயா ஓடிவந்தார்.
"நாலாம் பிளாக்குல ஒரு ஆள் குறையுது!"
மேடம் எழுந்துவிட்டார்.
நான் கையைத் தூக்கினேன்.

முப்பத்தேழு பேரும் சூடு ஆறாத தரையில் குந்தியிருந்தார்கள்.
மூன்று முறை எண்ணியாயிற்றாம், எனக்காக.
வரிசைக் கடைசியில் உட்கார்ந்தேன்.
முப்பத்தெட்டு என்று நோட்டில் ஏறியது.
கழிவு எதுவும் இல்லை.
இந்த ஒரு கணக்கில்
நான் முழு ஆள்.

மணி அடித்தது.
கோவர்த்தனம் முட்டியைத் தட்டிக்கொண்டே எழுந்தான்.
"நாலு மாசத்துல நாட்டையே எழுதிட்டானுங்கன்னு சொன்னியே,
நீ இவ்ளோ நேரமா இன்னாபா எழுதற?"