பதினேழாவது படம்

மே கடைசியில் குன்னூர் வீட்டுச் சுவர்கள்
வியர்க்கத் தொடங்கும்.
அப்போது படங்கள் கட்டிலுக்கு ஏறும்,
நாங்கள் தரைக்கு இறங்குவோம்.
நாற்பத்தொரு படம். இரண்டு பேர். ஒரு ஹீட்டர்.

அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில்
அவருக்குச் சம்பளப் பட்டியல் எழுதும் வேலை.
எனக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே.
வருஷத்துக்கு ஒன்று, தவணையில்.
ஃபிரிட்ஜுக்கு வைத்திருந்த பணத்தில்
மூக்கில்லாத ஒரு பச்சைப் பெண் வந்து சேர்ந்தாள்.
"இந்த ஊருக்கு ஃபிரிட்ஜ் எதற்கு, ஜன்னலைத் திற"
என்றார் ஞானாபரணம்.
பால் திரிந்தது இரண்டே முறைதான்.

பால்காரர் பெள்ளி
ஒவ்வொரு புதுப் படத்தையும் நின்று பார்ப்பார்.
"எவ்வளவு?"
சொன்னதும் அளக்கிற கை கொஞ்சம் ஆடும்.
அன்றைக்கு அரை ஆழாக்கு கூடுதலாக விழும்.
பாவம் என்று நினைத்திருப்பார்.

சட்டம் ஒன்றுதான்: இருவருக்கும் பிடிக்க வேண்டும்.
பதினேழாவதும் பிடித்துத்தான் வாங்கினோம்,
கறுப்பின் மேல் கறுப்பு.
பிறகு ஒரு மழைக்காலத்தில் பார்த்தால்
கீழ் மூலையில் உப்புப் பூத்த மாதிரி.
முதலிலிருந்தே இருந்தது, ஓவியர் வைத்தது, என்றார்.
பூஞ்சை, என்றேன்.
அடுத்தவர் நெஞ்சுக்கூட்டு நிழல்களைப் பார்த்தே நரைத்தவள்,
எனக்குத் தெரியாதா?
பஞ்சை நனைத்து ஒரு தரம் துடைத்தால் தீர்ந்திருக்கும்.
இருபத்தாறு வருஷம்,
இரண்டு பேருமே துடைக்கவில்லை.
அந்த மூலை விரிகிறதா இல்லையா என்பது
தனிச் சண்டை.

இன்று இன்ஷூரன்ஸுக்காக மதிப்புப் போட
சென்னையிலிருந்து ஒரு பையன்.
கையுறை, நெற்றியில் விளக்கு.
ஒவ்வொன்றாகத் திருப்பி முதுகை முகர்ந்தான்.
முதுகெல்லாம் அவர் கையெழுத்தில் தவணைக் கணக்கு,
ஒன்பதாவதில் முப்பது ரூபாய் இன்னும் பாக்கி.
பதினேழின் மூலையில் வெகுநேரம் குனிந்திருந்தான்.
பிறகு குரலைத் தாழ்த்தி
ஒரே சொல்லில் சொல்லிவிட்டான்.

உள்ளறையில் கம்பளிக்கடியில்
காதுக் கருவியைத் துழாவியபடி
"என்னவாம்?" என்றார் ஞானாபரணம்.

"கரண்ட் போகப்போகுதாம்" என்றேன்.

போகவும் போனது,
மூன்றரை மணிக்கே,
மூடுபனி ஜன்னல் கம்பிவரை வந்திருந்தபோது.

நாற்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்து வாங்கினான்.
என்னிடம் ஒன்று கூடுதல்.
அதை மாட்ட
இந்த வீட்டில் காய்ந்த சுவர் இல்லை.