தட்டளவு

முந்நூற்றைம்பது கிராமிலிருந்து நானூறு வரை.
அதற்குமேல் வேண்டாமென்று
ஹோட்டல்காரர் எழுதித் தந்திருக்கிறார்.
தலையும் வாலும் தட்டுக்குள் அடங்க வேண்டுமாம்.

அந்தத் தட்டை நாங்கள் யாரும் கண்டதில்லை.
சிவபாக்கியம் வீட்டிலிருந்து சோற்றுக் கோப்பை கொண்டுவந்து
செத்துமிதந்த கொடுவா ஒன்றைக்
குறுக்கே வைத்துப் பார்த்தாள்.
‘இதைவிடப் பெரிசாய்த்தான் இருக்கும்,
அவங்கட மேசை பெரிசெல்லே.’

இலங்கைத்துறை முகத்துவாரம்.
பஸ் வந்து திரும்புகிற இடம்.
களப்பில் நீலப் பீப்பாய்களில் மிதக்கும் ஆறு கூடு,
பன்னிரண்டு பெண்கள்,
ஊசி நடுங்கும் ஒரு தராசு.
கணக்குக் கொப்பி என்னிடம்.

ஏழு கிலோ சூடை போட்டால்
ஒரு கிலோ கொடுவா ஏறும்.
கரைவலைக்காரர் சூடையைக் கூடையோடு எங்களுக்கே தந்தார்கள்.
நூறு ரூபாய்ச் சூடை
இருநூறைத் தொட்ட அன்று
பக்கத்து வீட்டுத் தவமலர் வேலிக்கு மேலால் சொன்னாள்:
‘உங்கட மீன் எங்கட சொதியைக் குடிச்சிட்டுது.’
நான் பதில் சொல்லவில்லை.
எங்கள் சட்டியிலும் அன்று பருப்புத்தான்.

நானூறு கிராம் ஆன கிழமை
லொறி வரவில்லை.
‘ரூம் எல்லாம் காலி, மிஸ்,
கொஞ்சம் பொறுங்கோ’ என்றது போன்.
நாங்கள் பொறுப்போம்.
மீன் பொறுக்குமா?

நானூற்றறுபது.
ஐந்நூற்றிருபது.
சோளகக் காற்று; கடலில் அள்ளிக்கொண்டு வருகிறார்கள்,
மூதூர்ச் சந்தையில் கூட்டு மீனை
யார் திரும்பிப் பார்ப்பது?
அந்த நேரம் பார்த்து வெருகலில் கொடியேறியது.
பதினெட்டு நாள்
ஊரில் மீன் சட்டி அடுப்பேறாது.

செவ்வாய்க்கிழமை தவறாமல்
சிவப்பு மோட்டார் சைக்கிள் வந்தது.
கடன்காரப் பொடியன் நல்லவன், சிரித்துக்கொண்டே கேட்பான்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் சிரிப்பான்.

தீனியைப் பாதியாக்கினோம்.
பெரியது சின்னதை விழுங்கத் தொடங்கியது.
எண்ணினால் குறைகிறது,
நிறுத்தால் குறையவில்லை.
இதை எந்த நிரலில் எழுதுவது என்று
பயிற்சிக்கு வந்த ஐயா சொல்லித் தரவில்லை.
கூட்டத்தில் நவமணி கத்தினாள்,
ரதிதேவி அழுதாள்,
இருவர் சேமிப்பைத் திருப்பிக் கேட்டார்கள்.
விளக்கை அணைத்துவிட்டு
இருட்டில் கொஞ்ச நேரம் இருந்தோம்.
யார் சொன்னதென்று இன்னும் தெரியாது:
‘தீர்த்தத்துக்கு மறுநாள் விடிய
இந்த ஊர் முழுக்க மீனுக்கு ஏங்கிக் கிடக்கும்.’

மூன்று மணிக்குக் கூட்டைத் தூக்கினோம்.
தோளளவு தண்ணீர், தலையில் டோர்ச்.
ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குக் கிட்ட.
நிஸ்தாரின் ஓட்டோவில் ஐஸ்,
பின்சீற்றில் வெட்டுப் பலகை.
வெருகல் பாலத்தடியில்
துண்டு துண்டாய் நிறுத்தோம்.
தலை கேட்டவருக்குத் தலை, சினை கேட்டவருக்கு ஏமாற்றம்.
ஒன்பது மணிக்குப் பலகையைக் கழுவினோம்.
தவமலரும் வந்து அரைக் கிலோ வாங்கினாள்,
காசு சரியாய்த் தந்தாள்,
வேறொன்றும் பேசவில்லை.

ஹோட்டல் விலையில் பாதிதான்.
தவணை போக, சூடைக் கடன் போக
ஆளுக்கு இரண்டாயிரத்து நூற்றைம்பது.
அடுத்த செவ்வாய் மட்டும்
ஹெல்மெட்டுக்கு முன்னால் நானும் சிரித்தேன்.

பத்து நாள் கழித்துப் போன் அடித்தது.
‘மிஸ், ரூம் புல். இருநூறு மீன் வேணும், தட்டளவு.’
கூட்டில் இருந்தவை விரல் நீளப் புதுக் குஞ்சுகள்.
‘பொறுங்கோ’ என்றேன்.
அந்தச் சொல்லை அவரிடம்தான் கற்றேன்.

ஆறாம் கூட்டின் மூலையில் ஒன்று மட்டும்
வலைக்கு அகப்படாமல் தப்பிவிட்டது.
அந்தக் கூட்டுக்குள் குஞ்சு விடப் பயம்.
நவமணி தினமும் நாலு சூடை எறிகிறாள்.
நான் கண்டும் எழுதுவதில்லை.
நேற்றுத் தராசைத் துடைத்தபடி கேட்டாள்:
‘இப்ப எவ்வளவு இருக்கும் அக்கா?’