முப்பத்தாறு புள்ளி நான்கு

மிச்சக் கடைகளும் இன்று திறக்கலாமாம்.
பாடாங் செராய், காலை எட்டு மணி, மழை விட்டிருக்கிறது.
மஞ்சள் நாடாவைக் கிழிக்காமல் சுருட்டி
ஜீப்பில் வைத்துக்கொள்கிறார் போலீஸ்காரர்.
இன்னொரு முறை உதவும்.

நாகரெத்தினம் மளிகை வாசலில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு காய்ச்சல் துப்பாக்கி, நான்.
நாளுக்கு முப்பது வெள்ளி.
பள்ளி வேன் ஓட்டிய கை இது.
வேன் மார்ச்சிலிருந்து செம்பனை நிழலில் நிற்கிறது
பின்னிருக்கையில் யாரோ விட்டுப்போன
ஒற்றைக் காலுறையோடு.

கைப்பேசியில் பதியத் தெரியாதவர்களுக்கு
555 நோட்டு.
நேற்றுவரை இதில் கடன் எழுதினார்கள்.
அரிசிக்கும் சார்டினுக்கும் கீழே கோடு கிழித்து
பெயர், நேரம், சூடு என்று எழுதுகிறேன்.

முதல் ஆள் தேவசகாயம்.
நெற்றியைக் காட்டச் சொன்னால்
இரண்டு கையையும் தூக்குகிறார்.
"சுடும்மா, வீட்டுக்குள்ளேயே பாதி செத்தாச்சு."
36.4.

"இவ்வளவு சீக்கிரம் திறந்தது தப்பு"
என்றபடி எல்லாரையும் இடித்துக்கொண்டு
உள்ளே போகிறார் பழைய கிராணி.
"இவ்வளவு லேட்டா திறந்தாங்களே லா"
என்று தலையிலடித்துக்கொள்கிறான்
முடிவெட்டும் சுகுமாறன்.
அடிக்க வேண்டிய தலைகள்
அவன் கடை வாசலில் வளைந்து நிற்கின்றன,
மனைவிமார் கத்தரிக்கோலின் வரிகளோடு.

கோயில் எப்போது என்கிறார்கள்.
பசார் மாலாம் எப்போது என்கிறார்கள்.
எனக்கென்ன தெரியும், நான் துப்பாக்கி.

கையுறைத் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து
இரவு ஷிப்டு முடிந்து இறங்குகிறாள் யோகமலர்.
"திறந்துட்டாங்களாமே" என்றேன்.
"எங்களுக்கு எப்பக்கா மூடுனாங்க?"
மாவு படிந்த விரல்களைத் தேய்க்கிறாள்.
36.6.
கொஞ்சம் களைப்பும் சேர்ந்திருக்கும்.

ரஃபிக்குல் வருகிறான்.
வரிசை தானாக நீள்கிறது;
அவனுக்கு முன்னால் இரண்டு வட்டம் காலி,
பின்னால் மூன்று.
தன் வட்டத்தின் நடுவில், பாதம் கோட்டைத் தொடாமல்,
சாமி படம்போல நிற்கிறான்.
36.4.
சத்தமாகவே படித்தேன்.
வட்டங்கள் நிரம்பவில்லை.

நாலு மணிக்கு பேட்டரி தீர்ந்தது.
முதலாளி நாளைக்கு வாங்கலாம் என்றார்.
நான் நீட்டினேன், அவர்கள் நெற்றியைத் தந்தார்கள்,
36.4 என்று எழுதினேன்.
36.4, 36.4.
ஒருவரும் கேட்கவில்லை.
எல்லாருக்கும் அந்த எண் பிடித்திருந்தது.

அப்புறம் கோமளம்.
நெற்றியைக் காட்டவில்லை, வாயை அருகில் கொண்டுவந்தாள்.
"எல்லாக் கடையுமா, வேன்காரக்கா?"
"எல்லாந்தான்."
"ரோட்டுக்கு அந்தப் பக்கமுமா?"

அந்தப் பக்கம் சம்சு விற்கிறார்கள்.

"எண்பத்து நாலு நாளுக்கா," என்றாள்.
"சின்னவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுத்தாரு.
முதல்ல கை நடுங்கிச்சு, ராத்திரி கத்துனாரு,
அப்புறம் பதிமூணு வரைக்கும் வந்துட்டாங்க."

அவளுடைய சின்னவளை எனக்குத் தெரியும்.
வேனில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து
வீடு நெருங்க நெருங்கப் பேச்சைக் குறைப்பவள்.

செத்த துப்பாக்கியை அவள் நெற்றியில்
ரொம்ப நேரம் வைத்திருந்தேன்.
கறுத்த திரையில் என் முகக்கவசந்தான் தெரிந்தது.
பெயர் எழுதினேன். நேரம் எழுதினேன்.
மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

உள்ளே போனவள்
வெங்காயமும் ஒரு சதுரக்கோட்டு நோட்டும் வாங்கிவந்தாள்.
அப்போது எதிரே
இரும்புக் கதவு ஒன்று கடகடவென்று மேலேறியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
வரிசையில் ஏழெட்டுப் பேர் பார்த்தார்கள்.