இலை ஒன்றுக்கு ஐந்து காசு

தலைவராக யாரும் நிற்கவில்லை.
நிபோங் திபாலிலிருந்து பதினோரு கிலோமீட்டர் உள்ளே,
பழைய மூன்றாம் டிவிஷன் மண்டபத்தில்
விசிறி ஒன்று, நாற்காலி இருபது, ஆட்கள் பதினான்கு;
அதில் மூவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
திலகேஸ்வரியிடம் வேன் லைசென்ஸ் இருந்தது.
அதனால் அவள் தலைவி.
என் கையெழுத்து படிக்கும்படி இருக்கும்.
அதனால் நான் செயலாளர்.
குறிப்பில் ‘ஏகமனதாக’ என்று எழுதினேன்.
அந்தச் சொல்லுக்கு அன்று
எல்லோருக்கும் பசி என்றே பொருள்.

விஷயம் வாழையிலை.
வீட்டுக்குப் பின்னால், கால்வாய்க் கரையில்,
செம்பனை வரிசை முடியும் கேட்பாரற்ற மூலைகளில்
எங்களுக்கு வாழை தானாக வரும்.
வெள்ளிதோறும் சிங்காரவேலு வருவான்,
என் மச்சான்தான்.
இலை ஒன்றுக்கு ஐந்து காசு.
பாலத்துக்கு அந்தப் பக்கம் அதே இலை
சோறும் மூன்று காயும் அப்பளமுமாய்
பன்னிரண்டு வெள்ளிக்கு விரிந்து கிடப்பதை
வெட்டியவர் யாரும் பார்த்ததில்லை.

திலகேஸ்வரி பார்க்கப் போனாள்.
பத்து காவானில் இரவு ஷிப்ட் முடித்த கண் எரிச்சலோடு
தீவுக்குள் நுழைந்து,
மார்க்கெட் வீதியில் கடை கடையாக ஏறி,
‘இலை என்ன விலைக்கு வாங்குறீங்க?’
ஒன்பது கடை.
ஏழில் பதில் இல்லை.
எட்டாவதில் முறைத்தார்கள்.
ஒன்பதாவதில் ஒரு மாஸ்டர்
கரண்டியைக் கீழே வைக்காமலே
‘பதினெட்டு’ என்றார்.
அந்த எண்ணை அவள் மண்டபத்தில் சொன்னபோது
விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

முதல் வாரம் நானூறு இலை ஏற்றினோம்.
பாலத்தின் மேல் காற்று.
தார்பாயை யாரும் கட்டவில்லை.
நூற்றிருபது கிழிசல் திரும்பி வந்தது.
அன்றிரவு எல்லா வீட்டு ஆட்டுக்கும் விருந்து.
டோல், பெட்ரோல், கூலி போக
நட்டம் முப்பத்தொரு வெள்ளி எண்பது காசு.
எழுதினேன்.
‘இதையெல்லாமா எழுதுவே?’ என்றார் பூங்காவனம் அக்கா.
‘எழுது’ என்றாள் திலகேஸ்வரி.
அன்றுதான் அவள் தலைவி ஆனாள்.
அது குறிப்பில் இல்லை,
இங்கே சொல்கிறேன்.

பக்கத்துக் கம்போங்கிலிருந்து ரொஸ்னா வந்தார்.
அவர்களிடம் இலை இருந்தது, எங்களிடம் வேன்.
தணலில் லேசாக வாட்டி,
ஈரச் சாக்கில் இறுக்காமல் சுருட்டி,
நரம்பு ஒடியாமல் அடுக்கக் காட்டினார்.
இருபது வருடம் நாசி லெமாக் கட்டிய கை அது.
அதற்குப் பின் கிழிசலைத் தனியே எண்ணவில்லை.

இரண்டு மாதம் சிங்காரவேலு என் முகம் பார்க்கவில்லை.
தங்கை வீட்டுக் காதுகுத்துக்கு எனக்கு அழைப்பில்லை.
மூன்றாம் மாதம் மண்டப வாசலில் வந்து நின்று
‘புதன்கிழமை என் வேன் சும்மாதான் கிடக்குது’ என்றான்.
சண்டை இரண்டு மணி நேரம்.
நான் எழுதியது ஒரு வரி:
புதன், வாடகை வேன், ஓட்டுபவர் சிங்காரவேலு.

ஆறாம் மாதம் எங்கள் பங்கில்
அறுநூற்றுப் பதினேழு வெள்ளி நின்றது.
கோயிலுக்கு வர்ணம் என்றது ஒரு பக்கம்.
பழைய குளிர்பெட்டி ஒன்று என்றது மறுபக்கம்.
கை தூக்கி எண்ணினேன், ஆறுக்கு ஆறு.
திலகேஸ்வரி வெகுநேரம் விசிறியையே பார்த்திருந்தாள்.
‘சாமி வாடாது, இலை வாடும்’ என்றாள்.
இதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாமென்று
பூசாரி தனியாகக் கேட்டுக்கொண்டார்.

போன ஞாயிறு கூட்டத்தின் நடுவில்
பூங்காவனம் அக்காவின் போன் அடித்தது.
சிங்கப்பூரிலிருந்து மகன் தவசீலன்.
அங்கே ஏதாவது வேலை இருக்கா என்று
விளையாட்டாகத்தான் கேட்டிருக்கிறான்.
அக்கா போனைத் தலைவியிடம் நீட்டினார்.
‘இருக்கு. காலையில நாலு மணி.
சம்பளம் கொஞ்சம்தான்.
தார்பாய் கட்டத் தெரியுமா?’

மறுமுனையில் ரயில் ஒன்று
நின்று, கதவு திறந்து, மூடிப் போகும் சத்தம்.

குறிப்பில் அந்த இடத்தில்
இரண்டு விரல் அகலம்
காலியாக விட்டிருக்கிறேன்.