இதர கருத்துகள்

கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில்
ஒன்பது பேருக்குத்தான் உரிமம்.
நாங்கள் பதினேழு.
பதினெட்டாவதாக என் மடியில்
ஐ.நா. உடன்படிக்கையின் நகல்,
மழைக்குப் பயந்து பாலிதீன் பையில்.

பாகுபாடு என்று வாசித்தேன்.
"அப்படின்னா?" என்றாள் பவுன்தாயி,
தூக்குவாளியை முழங்கால்களுக்கு நடுவே
இறுக்கிக்கொண்டு.
நான் சொல் தேடுவதற்குள்
ஒச்சம்மாள் முந்திக்கொண்டாள்:
"கவாத்துக்கு வர்ற ஆளுக்கு ஒரு கூலி.
குத்தவச்சு காய் எடுக்குற நமக்கு ஒரு கூலி.
வெயிலு மட்டும் ஒண்ணு."

ஆறாவது கொண்டை ஊசியில் ஆளுக்கொரு படிவம்.
வேலையிடத்தில் கழிப்பறை உண்டா?
ஜீப்பே சிரித்தது.
டிரைவரும் சிரித்தான்.
அவன் சிரித்ததும்
நாங்கள் நிறுத்திக்கொண்டோம்.

உங்கள் பெயரில் நிலம் உண்டா?
அடுத்த வளைவு வரை யாரும் பேசவில்லை.
"நிலம் இல்ல. குழுக்கடன் இருக்கு, எம்பேருல.
அவரு வாங்குன வண்டிக்கு.
எழுதிக்க."

கட்டம் சின்னது.
ஆம், இல்லை,
இரண்டுக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள்.

செக்போஸ்ட்டில் டார்ச் அடித்தவர்
பையைப் பிரித்துப் பார்த்தார்.
"எந்தா இது?"
சட்டம் சார், பொம்பளைகளுக்கு.
ஒன்றிரண்டு பக்கம் புரட்டி
நனையாமல் திருப்பித் தந்தார்.
அரிசிப் பையைத்தான் ரொம்ப நேரம் துழாவினார்.

"எத்தன நாடு கையெழுத்துப் போட்டிருக்கு இதுல?"
நூற்றெண்பதுக்கும் மேலே, என்றேன்.
என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.
பவுன்தாயி யோசித்தாள்.
"எங்க கணக்கப்பிள்ள போட்டாரா?"

சாயங்காலம் படிவங்கள் திரும்பி வந்தன,
ஏலச்சாறு அப்பிய கட்டைவிரல்களோடு.
மதுரை அலுவலகத்தில் சொன்னார்கள்:
கறை இல்லாமல் வேறு பிரதி எடுங்கள்,
டெல்லிக்குப் போய்
அங்கிருந்து ஜெனிவா போகிறது.

இரவு உட்கார்ந்து எடுத்தேன்.
கூலி, மணி நேரம், வயது
எல்லாம் கட்டத்துக்குள் அடங்கின.
சிரிப்பை எங்கே போடுவதென்று தெரியவில்லை.
பழைய தாள்களில் ஏலவாசம் வரும் என்று
முகர்ந்து பார்த்தேன்.
முந்தின நாள் அடித்த மருந்து.
கண் எரிந்தது.

நிலம் என்ற கேள்விக்கு
'இல்லை' போட்டு, அடித்துவிட்டு,
ஓரத்தில் 'கடன் உண்டு' என்று எழுதினேன்.
திருத்தல் கூடாது என்றிருந்தது கீழே,
பொடி எழுத்தில்.

கடைசிப் பக்கம்,
இதர கருத்துகள்.
நான்கு கோடு.
ஒன்றில் மட்டும் எழுதினேன்,
அவள் சொன்னபடியே,
கேள்விக்குறியோடு.