விதைப்பூண்டு

பூம்பாறையில் கம்பளித் தொப்பியைப் பார்த்து
யாரும் எதுவும் கேட்பதில்லை.
சித்திரையிலும் போடுகிற ஊர்.
முடி மொத்தமும் கொட்டிய பிறகும்
ரேஷன் வரிசையில் நின்றாள், பாலுக்குப் போனாள்,
ஒருவருக்கும் தெரியவில்லை.

மாட்டிக்கொண்டது மதுரைக்குப் போகும்போதுதான்.
வத்தலக்குண்டு தாண்டியதும் பஸ்ஸில் எல்லோரும்
சட்டைப் பித்தானைத் திறந்துவிட,
இவள் மட்டும் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டாள்.
பக்கத்து சீட்டுப் பெண் பார்த்தாள்.
பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.
பிறகு ஆரஞ்சை உரித்துப் பாதியைக் கொடுத்தாள்.

"புத்துன்னா பால் ஊத்தலாம், முட்டை வைக்கலாம்.
இதுக்கு என்ன வைக்கிறதாம்?"
டாக்டர் பெயர் சொன்ன அன்றைக்குக்
குழந்தையம்மா கேட்டது.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.
ஸ்கேன் அறை வாசலில் சிரித்த எங்களை
நர்ஸ் முறைத்தாள்.

வைத்தோம்.
தோட்டை வைத்தோம்.
கீழ்க்காட்டை ஒத்திக்கு வைத்தோம்.

மூன்றாவது மருந்து ஏறியபின்
பூண்டு வாசம் ஆகாமல் போனது அவளுக்கு.
இருபத்திரண்டு வருஷம் பூண்டு கட்டிய கை.
அடுப்புக்கு மேலே புகை குடித்துத் தொங்கிய
அத்தனை கட்டையும் மச்சினன் வீட்டுக்கு மாற்றினேன்.
என்னை எங்கே மாற்றுவது?
தைல இலையைக் கசக்கித் தேய்த்தேன்,
சாம்பல், எலுமிச்சை, துணி சோப்பு.
நான் வாசலுக்கு வரும்போதே
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள்.
"கோவிச்சுக்காதீங்க."

கடைசி இரண்டு மாதம்
பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு
அவள் நெற்றியைத் தொட்டேன்.
சரசரவென்று சத்தம் வரும்.
காய்ச்சல் இருக்கிறதா என்று
அதில் தெரியவே தெரியாது.

ஐப்பசி அடைமழையில் போனாள்.
பெருமாள்மலையில் மரம் விழுந்து பாதை அடைக்க,
திருப்பூரிலிருந்து வந்த மகள்
மரத்தைத் தாண்டி நடந்து
காய்கறி வண்டி பிடித்து வந்து சேர்ந்தாள்.
கஷ்டப்படாமல் போய்விட்டாள் என்று
துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.
கஷ்டப்பட்டுத்தான் போனாள்.
அவள் பட்டதை
ஏன் இல்லை என்று ஆக்க வேண்டும்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து
மச்சினன் பூண்டைக் கொண்டுவந்து
பழைய இடத்திலேயே தொங்கவிட்டான்.
இனி வீடெல்லாம் மணக்கலாம்.
யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.
அன்று இரவும் தைல இலை கசக்கிக் கை கழுவினேன்.
நேற்றும்.

கார்த்திகையில் விதைப்பூண்டு உடைக்க உட்கார்ந்தேன்.
பங்குனி அறுவடையில் அவள் முடிந்த கட்டுகள்.
அந்தப் பங்குனியிலும் நோய் இருந்திருக்கும்,
எங்களுக்குத்தான் அதன் பெயர் தெரியாது.
அவள் போட்ட முடிச்சு லேசில் அவிழாது.
பல்லால் கடித்து இழுத்தபோது
தாளோடு தாளாகச் சிக்கியிருந்தது
ஒரு முடி.
முழங்கை நீளம், நல்ல கறுப்பு.
சீப்பில், தலையணையில், குளிக்கிற இடத்துச் சாக்கடையில்
நான் தேடித் தேடிக் கிடைக்காதது.

சட்டைப் பையில் வைத்தேன்.
பீடி வாடை ஒட்டுமென்று எடுத்தேன்.
வேலப்பர் படத்தடியில் வைக்க மனம் வரவில்லை,
அவரோடு எனக்குப் பேச்சில்லை.
கடைசியில் ஒரு பூண்டுப் பல்லில் சுற்றி
மேல்காட்டில் ஊன்றிவிட்டேன்.

ஊன்றிய வேகத்தில்
எந்தப் பாத்தி என்று குறித்துவைக்கவில்லை.

இந்தத் தடவை களைக்கொத்து வேண்டாம்,
கையால் பிடுங்கினால் போதும் என்றேன்.
கூலிக்கு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.
"இந்தப் பனியில வெரலு வெறச்சுருமேண்ணே"
என்றாள் ராக்காயி.
பிறகு அவளே முதலில் மண்டியிட்டாள்.

பொழுது சாய்வதற்குள்
இரண்டு பாத்தி முடிந்தது.
இன்னும் பதினொன்று இருக்கிறது.