செல்லும்

ஒரே பக்கத்தில் நாலு ஆணை வருகிறதாம்.
சிவப்பு மையில் வட்டம் போட்டு
கண்காணிப்பாளர் வேதநாயகம் திருப்பி அனுப்பியிருக்கிறார்:
வேறு சொல் இடவும்.
அதோடு சேர்த்தால் ஐந்து.

சேலம் ஆட்சியர் அலுவலகம், இரண்டாம் மாடி,
மொழிபெயர்ப்பு மேசை.
மின்விசிறியை மூன்றில் வைத்தால் தாள் பறக்கும்,
இரண்டில் வைத்தால் ஆள் அவிந்துபோகும்.
சொற்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

உத்தரவு போடவும் வரும்;
'அப்ப உத்தரவு வாங்கிக்கறேன்' என்று
பையை எடுத்துக்கொண்டு கிளம்பவும் செய்யும்.
கட்டளைக்குக் கோயிலில் வேலை,
அர்த்தசாமப் பூசைக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டது.
சாசனம் கல் இருக்கிறதா என்றது.
பிரகடனத்துக்குத் தமுக்கு வேண்டும்.
தாக்கீது பழைய கச்சேரியோடு ஓய்வு பெற்றதுதான்,
பென்ஷனுக்குக்கூட இந்தப் பக்கம் வருவதில்லை.

சொன்னதும் ஆகிவிட வேண்டும்,
ஏன் ஆனதென்று ஒருவரும் கேட்கக் கூடாது,
அதற்கொரு சொல்.
உண்டாகக்கடவது என்று எழுதி, அடித்தேன்.
ஞாயிறு காலை கைகட்டிக் கேட்கிற சொல்லை
திங்கட்கிழமைக் கோப்பில் அவர் விடமாட்டார்.

வீட்டில் செங்கோடன் இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.
உருக்காலையில் அவன் பிரிவு
எஃகுத் தகட்டை வட்டம் வட்டமாக வெட்டுகிறது.
வட்டங்கள் வடக்கே எங்கோ போய்
ஒரு அடி வாங்கிக் காசாகின்றன.
அந்த அடிக்கு முன்னால் அவை
நெற்றியில் ஒன்றும் எழுதாத பிள்ளைகள்.
விளிம்பு பிசிறிய ஒன்று எங்கள் அலமாரியில் கிடக்கிறது.
கேட் சோதனையைத் தாண்டி எப்படி வந்ததென்று
அரசு ஊழியை நான், கேட்டதில்லை.

இன்று அலமாரியில் அது இல்லை.

பொன்னம்மாபேட்டை முக்கில்
ருக்மணி பாயின் தட்டுவடைக் கடை.
நித்திலா முன்னால் நிற்கிறாள், வாயோரம் பீட்ரூட் சிவப்பு.
நான் தெருவின் இந்தப் பக்கம்,
ஒரு டவுன் பஸ் போகட்டும் என்று.

'என்ன கண்ணு இது, பூவும் இல்ல தலையும் இல்ல?'
'காசுதான்.'
'எந்த ஊருக் காசு?'
'எங்கப்பா செஞ்சது. இனிமேதான் பூ வரும்.
அப்பா மேல ஆணையா வரும்.'

ஆறாவது ஆணை. இதற்கு முத்திரை இல்லை,
நாள் இல்லை, நகல் யாருக்கும் இல்லை.
ஆறாம் வகுப்பு வாய் ஒன்று
இல்லாத அப்பாவைப் பிணை வைத்துச் சொன்னது.
ரூபாய்த் தாளிலும் இப்படித்தான் ஒருவர்
தருவேன் என்று உறுதி சொல்லிக் கையெழுத்திடுகிறார்;
அவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை.

ருக்மணி பாய் வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
ஒரு நவம்பர் ராத்திரி எட்டு மணிக்கு
அரிசி டப்பாவிலிருந்த பதினோரு ஐந்நூறும்
உட்கார்ந்த இடத்தில் செத்துப்போகக் கண்டவள்.
நாலு நாள் வரிசையில் நின்றதை
இன்னமும் கால்வலியாக வைத்திருக்கிறாள்.

குனிந்தாள்.
ஒரு கால் குட்டையான அடுப்புக்கடியில்
வட்டத்தைச் செருகினாள். ஆட்டிப் பார்த்தாள்.
அடுப்பு ஆடவில்லை.
'செல்லும்' என்றாள்.
'இன்னொரு செட் போடட்டா?'

பஸ் போய்விட்டது. நான் தெருவைக் கடக்கவில்லை.

செல்வது என்றால் போவது.
செலவு என்பதற்குப் பயணம் என்றுதான் முதல் பொருள்.
சொன்ன சொல் தடுக்கி விழாமல் போனால் செல்வாக்கு.
எனக்கு அது கிடையாது,
இளநிலை மொழிபெயர்ப்பாளர், தகுதிகாண் பருவம்.

காலையில் கோப்பைத் திறந்தேன்.
நாலு சிவப்பு வட்டம், நடுவில் நாலு ஆணை.
ஒன்றையும் மாற்றவில்லை.
ஓரத்தில் பென்சிலால்,
செல்லும், செல்லும், செல்லும்.
நாலாவதற்கு முனை ஒடிந்தது, பேனாவால் எழுதினேன்.

பதினொன்றரைக்குக் கோப்பு அவர் அறைக்குப் போனது.
மணி நாலாகிறது.
மின்விசிறியை மூன்றில் வைத்துவிட்டு
இரண்டு கையாலும் தாள்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.